மீதி ஒன்று

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊருக்கு அவர் ரசமட்டம். தரைக்கும் சுவருக்கும் கல் பதிப்பது தொழில். எங்கே போய் உட்கார்ந்தாலும் பையிலிருந்து சாண் நீள ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். பெண் கேட்கப் போன வீட்டிலும் அப்படி வைத்துப் பார்த்து, "பெஞ்சு இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு" என்று சொல்லப்போய்த்தான் அந்தச் சம்பந்தம் கைநழுவியது என்று கொத்தனார்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவரும் யாரையும் பெண் கேட்கப் போகவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கைதான். தங்கையின் புருஷன், அதாவது ரசமட்டத்தின் மாப்பிள்ளை, ஊருக்கு மேலே இருந்த அணையில் ஷட்டர் ஆபரேட்டர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவன் பொறுப்பு.

அந்த மழைக்காலத்தில் அணை உடைந்தது. கீழ்த்தெருக்கள் அத்தனையும் ஒரே மாலையில் போயின. ரசமட்டம் மேட்டுத் தெருவில் ஒரு மாடிக் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்ததால் தப்பினார். தங்கை மருந்து வாங்க மேட்டுக் கடைக்கு வந்திருந்ததால் தப்பினாள். மாப்பிள்ளை தப்பவில்லை. தண்ணீர் வடிந்தபோது, மதகைத் தூக்கும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே அவனைக் கண்டெடுத்தார்கள். மதகு பாதிதான் திறந்திருந்தது.

அந்தப் பாதிதான் அவன் பெயரைக் கெடுத்தது. முழுதாகத் திறந்திருந்தால் அணை தாங்கியிருக்கும், இவன் தூங்கிவிட்டான் என்றார்கள் சிலர். குடித்திருந்தான் என்றார்கள் சிலர். சங்கிலி துருப்பிடித்திருக்கிறது என்று அவன் பல முறை மேலதிகாரிகளிடம் சொன்னதாகத் தங்கை சொன்னாள். அவள் சொல்வதை யார் கேட்டார்கள்? விசாரணைக் கமிஷன் என்று ஒன்று போட்டார்கள். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

செத்தவர்களின் எண்ணிக்கை வெகுகாலம் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியது. போய்விட்டார் என்று அழுது தீர்த்த ஒருவர் வேறு ஊரில் உயிரோடு இருந்தார். இருக்கிறார் என்று நம்பிய பலர் சேற்றுக்குள் இருந்தார்கள். கடைசியில் 2311 என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த 2311-ல் மாப்பிள்ளையும் ஒருவன்.

ஊர்ப் பூங்காவில் நினைவுச் சுவர் எழுப்ப ஒரு குழு அமைந்தது. மரக்கடை முதலாளி அதற்குத் தலைவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மனைவியைத் தண்ணீருக்குக் கொடுத்தவர். அன்றிலிருந்து சவரம் செய்யாத முகத்தோடு கடையில் உட்கார்ந்திருப்பவர். ஆளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பெயர், எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஏழை பணக்காரன் என்ற வித்தியாசம் கூடாது என்று அவர்தான் முதலில் சொன்னார். வரிசைகள் நறுக்கென்று முடிய வேண்டும், கடைசி வரிசையில் நாலு கல் அநாதையாக நிற்கக்கூடாது என்பதும் அவர் ஆசைதான். அளவு போட ரசமட்டத்தைக் கூப்பிட்டார்கள். ஊரில் அவரைவிட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடையாது.

ரசமட்டம் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தார். வரிசைக்கு நாற்பது கல் வைத்தால் முப்பத்தொன்று மிஞ்சியது. ஐம்பது வைத்தால் பதினொன்று. முப்பத்தேழு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று யாரும் சீண்டாத எண்களையெல்லாம் இழுத்து வந்து வகுத்தார். எதுவும் ஒட்டவில்லை. வேலைக்காரனுக்கு இது மானப் பிரச்சினை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி மறுபடி வகுத்தார்.

"என்னண்ணா, யாரு வீட்டுக் கணக்கு அது?" என்று கேட்டாள் தங்கை. அணைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபின் அவள் அவர் வீட்டில்தான் இருந்தாள்.

"சுவத்துக் கணக்கு. மசிய மாட்டேங்குது."

நகராட்சியில் ஒரு பெண் இன்ஜினியர் இருந்தார். மறுநாள் அவரிடம் தாளைக் காட்டினார் ரசமட்டம். அவர் சிறிது நேரம் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுச் சிரிப்பில்லாமல் சொன்னார்: "இது பகா எண், மேஸ்திரி. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. நீங்க வருஷம் முழுக்க வகுத்தாலும் செவ்வகம் வராது. ஒரே வரிசையா வேணும்னா நீட்டலாம்."

"ஒரே வரிசைன்னா அணை வரைக்கும் போகுமே."

"போகும்."

குழுக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. ஜன்னல்களில் இன்னும் வெள்ளத்தின் கோடு பழுப்பாகப் படிந்திருந்தது. ரசமட்டம் எழுந்து நின்று, வரிசை சமமாக வராது, எப்படிப் போட்டாலும் மிச்சம் விழும் என்று விளக்கினார். யாருக்கும் அது பிடிக்கவில்லை. மிச்சத்தில் நிற்கப்போவது யார் வீட்டுக் கல் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருந்தா?" என்று கேட்டார் தலைவர்.

அங்கேதான் ரசமட்டத்தின் நாக்கில் சனி உட்கார்ந்தது. பல நாளாக முரண்டு பிடித்த எண்ணைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்றதும் அவருக்குள் இருந்த தொழில்காரன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு குறைஞ்சிருந்தா சொக்கத் தங்கம்ங்க. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து இருக்கே, அது மாதிரி ஒரு எண் கிடைக்காது. ரெண்டால போகும், மூணால போகும், அஞ்சு, ஆறு, ஏழு, பத்து, பதினொண்ணு, எதால வேணாலும் மிச்சமில்லாமப் போகும். நாப்பத்திரெண்டு வரிசை, வரிசைக்கு அம்பத்தஞ்சு. இல்லை, முப்பத்தஞ்சு வரிசை, வரிசைக்கு அறுபத்தாறு. எப்படி வேணுமோ அப்படி உக்காரும். இந்த ஒண்ணு வந்து சேர்ந்ததுதான் மொத்தத்தையும் கெடுக்குது."

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ நிதானமாகச் சொன்னார்கள்: "அந்த ஒண்ணு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

"கணக்கே அவனை ஏத்துக்கலை பாத்தீங்களா" என்றது இன்னொரு குரல்.

"நான் கல்லைச் சொன்னேங்க..." என்று ஆரம்பித்தார் ரசமட்டம். விட்ட சொல்லைப் பிடிக்க ஏது கயிறு? தலைவர் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று சொல்லி எழுந்தார். ஆனால் முடிவு அங்கேயே ஆகிவிட்டது. படியிறங்கும்போதே 42, 55 என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ரசமட்டம் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை அடுப்பைப் பற்றவைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் சொன்னியாமே."

"நான் எண்ணைப் பத்திப் பேசினேம்மா. அவரைப் பத்திப் பேசலை."

"நீ எண்ணைச் சொன்னே. அவங்க காதுல ஆள்தான் விழுந்துச்சு."

அவள் அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அழவில்லை. எழுந்து அரிசி களைந்தாள். களைந்துகொண்டே, "இத்தனை நாள் அவங்கதான் அவரைத் தள்ளினாங்க. இப்ப கணக்கும் தள்ளிடுச்சு. அதையும் எங்க அண்ணன் வாயாலயே" என்றாள்.

அன்றிலிருந்து ரசமட்டத்துக்கு வேலையில் கை ஓடவில்லை. ஒரு வீட்டில் சமையலறைத் தரையைப் பதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வரிசை கோணியிருந்தது. பெயர்த்து மறுபடி பதித்தார். சுவரைப் பார்த்தாலும், தெருவில் பாவிய கல்லைப் பார்த்தாலும், வாய் தானாக எண்ணியது. எண்ணி முடித்ததும் ஒன்றைக் கழித்தது. குழுவுக்குப் போய், வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால் வெளியூரிலிருந்து வேறு ஆள் வருவான், 2310 கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பதித்துவிட்டுப் போவான். மாப்பிள்ளையை எடுத்தது தன் வாய் என்றால், திரும்ப வைக்க வேண்டியது தன் கைதான் என்று தோன்றியது.

இதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் சீறினாள்.

"எதுக்குண்ணா? அவரு பேரை எழுதி வெச்சு, போறவன் வர்றவன் எல்லாம் துப்பணுமா? இல்லைன்னா இல்லைன்னு விட்டுடு. உன் மனசு ஆறணும்னு என் புருஷனைக் கொண்டுபோய் வெயில்ல நிறுத்தாதே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது முள்ளாகத் தைத்தது. ஆனாலும் அவரால் விட முடியவில்லை.

எப்போதோ ஒரு ஊற்றுத் தொட்டியைச் சுற்றி வட்டத் தரை போட்டிருந்தார். வட்டத் தரையை ஓரத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். நடுக்கல் ஒன்றை ஊன்றிவிட்டு, அதைச் சுற்றி வளையம் வளையமாக வெளியே வருவார்கள். அங்கே ஒற்றையாக நிற்கிற கல்லை மிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த யோசனையோடு அவர் மறுபடி இன்ஜினியரம்மாவிடம் போனார்.

"நடுவுல ஒண்ணு வெச்சுட்டு, சுத்தி முதல் வளையம், அதுக்கு அடுத்தது ரெண்டு மடங்கு, அடுத்தது மூணு மடங்குன்னு போனா, கடைசி வளையம் முழுசா முடியுமா? எத்தனையில ஆரம்பிச்சா முடியும்?"

இன்ஜினியரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றில் ஆரம்பித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஐந்தில் முடியவில்லை. ஆறு அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டார் ரசமட்டம், அதுவும் கைவிட்டது. ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் நட்டாற்றில் விட்டன. பத்தில் ஆரம்பித்தபோது இன்ஜினியரம்மாவின் பென்சில் நின்றது.

"பத்து, இருபது, முப்பது... இருநூத்திப் பத்து வரைக்கும். இருபத்தியொரு வளையம். கூட்டினா ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து. நடுவுல ஒண்ணு." அவர் மறுபடி கூட்டினார். "முடியுது, மேஸ்திரி. துல்லியமா முடியுது."

அதைவிட ரசமட்டத்துக்குப் பிடித்தது வேறொன்று. வெளியே போகப் போக வளையம் எவ்வளவு பெரிதாகிறதோ அதே அளவுக்குக் கல்லும் கூடுகிறது. அதனால் எந்த வளையத்திலும் கல்லின் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தலைவர் கேட்ட சமத்துவம் தானாகவே வந்துவிட்டது. சுவருக்குப் பதிலாக, யாரும் மிதிக்க முடியாதபடி பூங்கா நடுவில், மையம் உயர்ந்து சுற்றிலும் சரிகிற மேடை. அன்றைக்கு வெகுநாள் கழித்து அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். இன்ஜினியரம்மா விளக்கினார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. தலைவரே விரலால் ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்கு. நடுவுல ஒரு விளக்கு வெச்சிடலாம். அணையா விளக்கு."

ரசமட்டம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். விளக்கு நடுவில் உட்கார்ந்தால் சுற்றிலும் 2310 கல்தான். சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றாயிற்று.

"நடுவுல ஒரு ஆளோட கல்லு வரணுங்க. அப்பத்தான் மொத்தம் சரியா வரும்" என்றார்.

"யாரு கல்லு? உன் மாப்பிள்ளையோடதா?" தலைவரின் குரல் உயரவில்லை. ஆனால் வளையத்தின்மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டார். "என் சம்சாரம் ஓரத்துல கிடப்பா, அவன் நடுவுல சிம்மாசனம் போட்டு உக்காருவானா?"

"அவரை நடுவுல வைக்கச் சொல்லலீங்க. எங்கயாவது ஒரு இடம்."

அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைப் பெண் எழுந்தாள். எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். வாயே திறக்க மாட்டாள். அவளுடைய குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பட்டியலில் அதற்குப் பெயர் கிடையாது. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"என் பொண்ணுக்குக் கல்லு போட்டா அதுல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

தலைவர் பட்டியலைப் புரட்டினார்.

"எழுத ஒண்ணும் இல்லை. வெறும் கல்லு. அதை ஓரத்துல வெச்சா, எழுத மறந்துட்டாங்கன்னு நினைப்பாங்க. நடுவுல வைங்க." சற்று நிறுத்தினாள். "மத்தவங்க எல்லாரும் சுத்தி இருக்கட்டும். எல்லாரும்னா எல்லாரும். அந்த ஆளையும் சேர்த்துத்தான். அவரு மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. ஆனா அவரைக் கழிச்சுட்டா, செத்தது ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்துன்னு ஆயிடும். அது பொய்யி."

அவள் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் வரைபடத்தின் ஒரு மூலையைத் தொட்டார். "கடைசி வளையம். பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரைப் பாத்த மாதிரி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

ரசமட்டம் தலையை ஆட்டினார். கிடைத்தது போதும்.

தங்கையிடம் அன்று மாலையே சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பின்பக்கமா" என்று மட்டும் கேட்டாள். வேலை தொடங்குவதற்குள் அவள் பக்கத்து நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. பஸ் ஏறும்போது, "சளி பிடிக்காமப் பாத்துக்கோ, சிமெண்டுல நின்னுக்கிட்டே இருக்காதே" என்றுதான் சொன்னாள். ஆனால் எப்போது வருவாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மேடை வேலை மழைக்கு முன்னால் முடிந்தது. சரிவில் பையிலிருந்த ரசமட்டம் உதவாது. அதனால் பலகையில் ஒரு கோண அச்சு வெட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கம்பி ஊன்றி நூல் கட்டி வளையம் இழுத்தார். வெறும் கல்லை முதலில் வைத்தபோது ரொட்டிக்கடைப் பெண் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள். மாப்பிள்ளையின் கல் ஒரு மதியத்தில் வந்தது. அதற்கென்று தனியாக எதுவும் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. கலவை வைத்து, கல்லை அழுத்தி, மரச் சுத்தியலால் தட்டி, ஈரத் துணியால் எழுத்துக்குள் ஏறிய சிமெண்டைத் துடைத்தார். துடைக்கும்போது, "பாதியாவது திறந்தியேடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கலவை கொண்டுவந்த சித்தாள் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் நெரிந்தது. தலைவர் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்தார். ஆனாலும் தங்கை சொன்னது பலித்தது. சில நாளிலேயே மாப்பிள்ளையின் கல்லைக் கம்பியால் கீறியிருந்தார்கள். ரசமட்டம் சொந்தச் செலவில் வேறு கல் பொறித்து மாற்றினார். அதை உடைத்தார்கள். மறுபடி மாற்றினார். நகராட்சிக் காவலாளி, "எனக்கு எதுக்குண்ணே வம்பு, நான் முன்பக்கம்தான் பாப்பேன்" என்றான்.

மூன்றாவது கல்லைப் பதித்த பிறகு ரசமட்டம் காம்பவுண்டுச் சுவரோரம் போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு காலையில் கல்லை உடைக்கிற ஆள் வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; ரசமட்டத்துக்கு முகம் தெரியும். மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வீடே போனவர். கையில் ஸ்பானர் இருந்தது. ரசமட்டத்தைப் பார்த்தும் அவர் ஓடவில்லை. கல்லுக்கு எதிரே மூச்சு வாங்க நின்றார்.

"தடுக்கப் போறியா?"

"இல்லீங்க. உக்காருங்க."

டிரைவர் உட்காரவில்லை. "எனக்கு வேற யாரைத் திட்டுறதுன்னு தெரியலைப்பா. அணைக்குச் சொந்தக்காரன்னு யாரு இருக்கா? ஆபீசு ஆபீசாப் போனேன். இந்த மேசைங்கிறான், அந்த மேசைங்கிறான். இவன் ஒருத்தன்தான் பேரோட கிடைச்சான்."

ரசமட்டம் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளைக்காக வாதாட ஆயிரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். சங்கிலி, துரு, பாதி மதகு. ஸ்பானர் பிடித்த கையைப் பார்த்தபின் அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. மாப்பிள்ளை தூங்கினானா, போராடினானா என்பது அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"திட்டிக்கோங்க" என்றார். "நான் தடுக்கலை. ஆனா கல்லைப் பெயர்க்காதீங்க. ஒண்ணு பெயர்ந்தா அந்தக் குழியில தண்ணி இறங்கும். பக்கத்துக் கல்லு தளரும், அப்புறம் மேல் வளையம். உங்க வீட்டுக்காரங்க ஆறு பேரும் இதுக்கு நேர் மேலதான் இருக்காங்க."

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டுக் கற்களை எப்போதும் பக்கவாட்டில் நின்றே பார்த்துப் பழகியவர்; உடைக்க வந்த நாட்களில் இந்த ஒரு கல்லைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. உதடு அசைய, ஒவ்வொரு பெயராக மேல்நோக்கிப் படித்தார். பிறகு ஸ்பானரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் கல்லைப் பார்த்துக் கேட்கக் கூசுகிற வார்த்தைகளால் திட்டினார். ரசமட்டம் காது கொடுத்துக்கொண்டு நின்றார். திட்டி முடித்து டிரைவர் போய்விட்டார்.

அதன்பின் கல் உடையவில்லை. டிரைவர் அவ்வப்போது வந்து திட்டிவிட்டுப் போவார், காவலாளிக்குப் பழகிவிட்டது. தங்கை போனில் பேசும்போது ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வாள், முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பாள். கல்லைப் பற்றிக் கேட்டதில்லை. கமிஷன் அறிக்கை இன்னும் வரவில்லை. ரசமட்டத்துக்கு எண்ணி ஒன்றைக் கழிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. நல்ல தூக்கத்திலும் வரும்.

அடுத்த மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். டிரைவர் குடையில்லாமல் நனைந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"உன் மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு கல்லு ஆடுது. கால் வெச்சுப் பாத்தேன். வந்து பாரு."

"மழை விடட்டுமே."

"விடாது. தண்ணி இறங்குதுப்பா."

ரசமட்டம் கரண்டியையும் பாதி மூட்டை சிமெண்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினார். மூட்டையை டிரைவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ரசமட்டம் குடையை மூட்டைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.